"எந்த ஊரு நீ?" - இந்த இன்டர்வியூவில் பெயிலானால் நாடே கிடையாது!

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் எழுந்து ரோட்டுக்கு வந்து பாருங்கள். இருட்டு பிரிந்திருக்காது. ஜீப்புகள் வரிசையாக உறுமிக் கொண்டிருக்கும். தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணப் போனால் கணக்கு வாத்தியாரே தோற்றுப் போவார்! 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். பகல் முழுக்க ஏலத்தோட்டத்தில் களையெடுப்பு, காயெடுப்பு. பொழுது சாய்ந்தால் மறுபடி போடி.

தூங்குவது ஒரு மாநிலம், சம்பளம் வாங்குவது இன்னொரு மாநிலம். ஆனாலும், "நீ எந்த நாட்டுப் பிரஜை?" என்று செக்போஸ்ட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "என்னப்பா, காலங்காத்தால கிண்டலா?" என்பார்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று பெரிய சண்டை நடந்தது. அப்போதுகூட மாநிலத்துக்குத்தான் சண்டை. குடியுரிமைக்கு இல்லை.

இதே மதுரைச் சீமை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி இலங்கை மலைகளுக்குப் போன ஜனங்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களை அந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாகத் துரத்தியது. அந்த இன்டர்வியூவுக்கு முன்னால் நம்ம ஆபீஸ் இன்டர்வியூவெல்லாம் ஜுஜுபி, சார்!

கல்யாணமானவருக்கு 7, பிரம்மச்சாரிக்கு 10

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம். அங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தாவும் அவருக்கு அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். லைன் வீட்டில் பிறந்தவனுக்குத் தன் பிறப்புச் சான்றிதழே கையில் இருக்காது. தாத்தாவுடையதைத் தேடி எங்கே போவான்? தேயிலையும் ரப்பரும் வளர்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

மறுவருஷம் இன்னொரு சட்டம் வந்தது. இந்தியர், பாகிஸ்தானியர் மனுப் போடலாம் என்றார்கள். நிபந்தனைகளைக் கேளுங்கள். 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணமானவர் என்றால் தொடர்ந்து 7 வருஷம் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். தனி ஆள் என்றால் 10 வருஷம். பெண்டாட்டி, பிள்ளைகளும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். பிழைக்க வருமானம் வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம ஜனங்களின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ஊருக்கு ஓடி வருவார்கள். பிரசவத்துக்குப் பெண்டாட்டியைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். அறுவடை, கோர்ட்டு, பங்காளிச் சண்டை என்று வந்தவர் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால், "தொடர்ந்து வசித்ததாக" ஆகாது. தாய்க்குச் செய்த கடமை, தாய்நாடு கேட்கிற இடத்தில் குற்றமாகிவிடும்!

1951 ஆகஸ்டோடு கெடு முடிந்தது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் குவிந்தன. விசாரணைகள் வருஷக்கணக்கில் இழுத்தன. கடைசியில் தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர். ஆறு பேர் போனால் ஒருவர் பாஸ்!

மிச்சப் பேர்? 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி பிரித்துக் கொண்டார்கள். பாகப் பிரிவினையில் பாத்திரம் பிரிப்பார்களே, அந்த மாதிரி. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டம், சிலருக்குக் கேரளத்தில் புனலூர் ரப்பர்த் தோட்டம். 1984-ல் கப்பலும் நின்றது. 1964 முதல் அங்கேயே இருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை இலங்கை கொண்டுவர 2003 ஆகிவிட்டது.

ஒரு தாள் செய்த வேலை

1983-க்குப் பிறகு அகதியாக வந்து முகாம்களில் தங்கியவர்களிலும் மலையகத் தமிழர் உண்டு. இவர்கள் விஷயத்தில் ஒரு தேதி முக்கியம்: 1987 ஜூலை 1. 1950 ஜனவரி 26-லிருந்து அந்தத் தேதிக்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் அந்தக் கெடுவுக்குள் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனார். 2022-ல் தீர்ப்பு அவர் பக்கம். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று, பிறப்புச் சான்றிதழ்!

அமெரிக்கா போகும் தம்பிகளுக்கு

இப்போது நம்ம பையன்கள் தாங்களாகவே விரும்பிப் போய் உட்காருகிற இன்டர்வியூ அமெரிக்காவுடையது. கிரீன் கார்டு வாங்கி பொதுவாக 5 வருஷம். அந்த நாட்டுப் பிரஜையைக் கட்டிக் கொண்டு சேர்ந்து வாழ்ந்தால் 3. பார்த்தீர்களா, அங்கேயும் கல்யாணமானவருக்குத்தான் சலுகை! ஆறு மாசத்துக்கு மேல் ஊரில் வந்து தங்கினால் அங்கேயும் சிக்கல். 2025 அக்டோபர் 20-லிருந்து மனுப் போடுகிறவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதுப் பட்டியல். அதில் 20 கேட்கலாம், 12-க்குச் சரியாகச் சொன்னால் பாஸ். ஆங்கிலத்தில் ஒரு வரி படிக்கணும், ஒரு வரி எழுதணும். பெயிலானால் இன்னொரு சான்ஸ் உண்டு.

படித்துவிடலாம், பயமில்லை. யோசிக்க வேண்டியது வேறு. அங்கே உறுதிமொழி எடுத்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை நம்மிடம் கிடையாது. ஓ.சி.ஐ. கார்டு கிடைக்கும், ஓட்டு கிடைக்காது. அப்பாவின் ஏலத்தோட்டம் வாரிசாக வரலாம். பக்கத்துத் தோட்டம் விலைக்கு வருகிறதே என்று டாலரோடு வந்து நின்றால், வாங்க முடியாது! விவசாய நிலம், தோட்டம் வாங்க அந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை.

எந்த நாட்டுக்கும் போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டர் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ்தான். வீட்டில் குழந்தை இருந்தால் இன்றைக்கே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பேர் பதிவாகி இருக்கிறதா? அப்பா பேரில் எழுத்துப்பிழை இல்லையே? இருந்தால் நாளைக்கே ஒரு அரை நாள் லீவு போடுங்கள். மானேஜர் முறைத்தால் முறைக்கட்டும்!