அவர்களுக்கு முன்பே தெரிந்த பாட்டு

கம்போடியாவின் சியாம் ரீப் மாநிலத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளி. முதல் நாள், முதல் வகுப்பு. உடலுறுப்புகளின் பெயர்களைச் சொல்லித் தரும் ஆங்கிலப் பாட்டை ஆரம்பித்தேன். நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் பிள்ளைகள் அதைப் பாடி முடித்துவிட்டார்கள். எங்களுக்கு முன்பு வந்த குழுவும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. அதற்கு முந்தைய குழுவும்!

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் 18 பேர் நான்கு மாதங்கள் தயாராகிச் சென்ற பயணம் அது. தேசிய இளையர் மன்றத்தின் ‘யூத் எக்ஸ்பெடிஷன் பிராஜெக்ட்’ திட்டத்தின்கீழ் செலவில் ஒரு பகுதிக்கு மானியம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டம், ஆசியான் நாடுகளுக்கும் சீனா, இந்தியாவுக்கும் சென்று தொண்டூழியம் செய்யும் இளையர்களுக்குக் கைகொடுக்கிறது. மீதிப் பணத்துக்குக் கல்லூரியில் கறிபஃப் விற்றோம். அதுவும் போதாமல் அம்மாவிடம் கேட்டேன்.

விண்ணப்பத்தில் திட்டத்தின் நோக்கத்தை எழுதியது நான்தான். “மாணவர்களின் ஆங்கிலத் திறன் மேம்படும்” என்று எழுதியிருந்தேன். அன்றிரவு அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பத்து நாளில் யாருடைய ஆங்கிலம் மேம்படும்?

அங்கு பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்குக் காலையில் பள்ளி, மற்றவர்களுக்குப் பிற்பகலில். நடுவே கிடைத்த நேரத்தில், மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் ஓர் ஆசிரியரிடம் அவருக்கு என்ன தேவை என்று கேட்டோம். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு பாடநூலை எடுத்து வந்து சில சொற்களைக் காட்டி, எப்படி உச்சரிப்பது என்று மெதுவாகக் கேட்டார். வகுப்பில் அவர் கற்றுக்கொடுக்க வேண்டிய சொற்கள் அவை. நாங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்த வகுப்பில் நிற்கப்போவது அவர்தானே!

மூன்றாம் நாளிலிருந்து திட்டத்தை மாற்றினோம். நண்பகல்தோறும் அவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் எங்களுடன் உட்கார்ந்தார்கள். பாடநூலிலுள்ள உரையாடல்களை நாங்கள் வாசிக்க, அவர்கள் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டார்கள்.

பதிலுக்கு எங்களுக்குக் கெமர் மொழிப் பாடம். அதில் ஆறு என்பது ‘ஐந்து ஒன்று’, ஏழு என்பது ‘ஐந்து இரண்டு’. நாங்கள் எண்ணத் தடுமாறியதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னை அவர்கள் ‘நெக் க்ரூ’ என்று கூப்பிட்டபோது மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ‘க்ரூ’ என்பது வடமொழியிலிருந்து அங்கும் போன ‘குரு’தான். கெமர் எழுத்தும் பல்லவர் எழுத்தின் வழிவந்ததாம். தமிழ் வகுப்பில் பல்லவர் என்றதும் கொட்டாவி விட்டவள் நான்!

இத்தகைய பயணங்கள் வெறும் சுற்றுலா என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால், செலவாவது மக்கள் பணம். அதிகம் கற்கப்போவது நாம்தான் என்பதை விண்ணப்பத்திலேயே ஒளிக்காமல் எழுதலாம். அடுத்து விண்ணப்பிக்கப்போகும் நண்பர்களே, விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பதற்குமுன், அதே இடத்துக்குப் போய்வந்த குழுவைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

எங்களுக்கு அப்படிப் பேச யாரும் கிடைக்கவில்லை. அதனால் கடைசி நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினோம்: எந்த வகுப்புக்கு எது தெரியும், எதில் பாதியில் நிறுத்தினோம், ஆசிரியர்கள் என்ன கேட்டார்கள். ஒரு பிரதி பள்ளியில் இருக்கிறது. இன்னொன்றை இவ்வாண்டு செல்லும் எங்கள் கல்லூரிக் குழு வாங்கிக்கொண்டது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: ‘அந்தப் பாட்டு வேண்டாம்.’