மின்னஞ்சல் தேடலில் கிடைக்கவில்லையா? அழிந்துவிட்டதென முடிவு கட்டாதீர்கள்!

நிலாவெளியில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஹோட்டல்காரர், விருந்தினர் விடுதி நடத்துவோர், புறாத்தீவுக்குப் படகு விடுவோர் என எல்லோருக்கும் கை ஓயாத வேலை. அறை முன்பதிவு, முற்பணம், விலை இணக்கம் என்பவற்றில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சலிலேயே நடக்கின்றது.

அங்கு விடுதி நடத்தும் நண்பர் ஒருவருக்கு அண்மையில் ஒரு சிக்கல். சுற்றுலா முகவர் ஒருவர், பேசிய வாடகை வேறு என்று கூறிக் கணக்கை முடிக்க மறுத்தார். வாடகையை உறுதிப்படுத்தி இரண்டு வருடங்களுக்கு முன் முகவரே அனுப்பிய மின்னஞ்சலை அலுவலகக் கணினியில் தேடினால், எதுவும் இல்லை என்றே வந்தது. வித்தியாசப் பணத்தை விட்டுக்கொடுக்க நண்பர் தயாராகிவிட்டார். உண்மையில் அந்த மின்னஞ்சல் அழியவே இல்லை. கணினிதான் அதைத் தேடவில்லை.

சட்டமும் இதையே கேட்கின்றது

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எழுத்துமூலம் இருக்க வேண்டிய ஒன்று மின்னஞ்சலில் இருந்தால், அதைப் பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தேடி எடுக்க முடியாத மின்னஞ்சல் தொலைந்த பற்றுச்சீட்டுக்குச் சமம்.

முதலில் எங்கே பார்ப்பது?

அவுட்லுக்கை மூடிவிட்டு, அதே மின்னஞ்சல் கணக்கை பிரவுசர் ஊடாகத் திறந்து தேடுங்கள். அங்கு கிடைத்தால் குறை உங்கள் கணினியில்தான். அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும்.

ஒன்று, அவுட்லுக் அண்மைக்கால மின்னஞ்சல்களை மட்டுமே கணினியில் வைத்திருக்கும்படி அமைந்திருக்கலாம். பல அலுவலகங்களில் இது ஒரு வருடமாக உள்ளது. நண்பரின் கணினியிலும் இதுவே நடந்தது. கணக்கு அமைப்பில் அக்கால அளவை 'ஆல்' என மாற்றிவிட்டால் பழையவையும் இறங்கும்.

இரண்டு, தேடல் ஒரு கோப்புறைக்குள் மட்டும் நடந்திருக்கலாம். தேடல் பெட்டியின் அருகில் எல்லாக் கோப்புறைகளையும் தெரிவு செய்யுங்கள்.

மூன்று, விண்டோஸ் தயாரித்து வைக்கும் தேடல் அட்டவணை பழுதடைந்திருக்கலாம். 'இன்டெக்ஸிங் ஒப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்ட்' ஊடாக 'ரீபில்ட்' கொடுங்கள். இதற்குப் பல மணி நேரம் செல்லலாம். எனவே இரவில் கடையை மூடும்போது ஆரம்பித்து, கணினியை அணைக்காமல் விட்டுச் செல்வது நல்லது.

பிரவுசரிலும் கிடைக்காவிட்டால்? 'பொப்' முறையில் இயங்கும் கணக்குகளில் மின்னஞ்சல் ஒரு கணினிக்கு இறங்கியபின் சேவையகத்திலிருந்து நீங்கிவிடக்கூடும். அப்போது முகப்பு மேசைக் கணினியிலோ, மூலையில் போட்டு வைத்த பழைய கணினியிலோதான் அது இருக்கும். அதனை விற்கவோ 'போர்மெட்' செய்யவோ முன் யோசியுங்கள். ஜிமெயில் பாவிப்பவர்கள் குப்பை, ஸ்பாம் பகுதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணத் தேடலில் அவை வராது. 30 நாட்களில் தாமாகவே அழிந்தும் விடும்.

நமக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகின்றோம்! ஓர் எழுத்து மாறினாலும் தேடல் தவறிவிடும். ஆகவே பெயரை விட்டு, மின்னஞ்சல் முகவரி, தொகை அல்லது திகதியைக் கொண்டு தேடுங்கள்.

அடுத்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சு செய்த கடிதம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களே. யூனிகோட் தமிழில் தேடினால் கிடைக்காது. ஸ்கேன் செய்து படமாக இணைத்த பற்றுச்சீட்டுக்குள் உள்ள சொற்களும் பெரும்பாலும் தேடலில் அகப்படுவதில்லை.

இன்றே ஆரம்பிக்கலாம்

ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஓர் இலக்கமிட்டு, அதை மின்னஞ்சலின் தலைப்பில் எழுதுங்கள். பதில் அனுப்பும்போது தலைப்பை மாற்றாதீர்கள். விலை உறுதியான மின்னஞ்சலை உடனே தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

நண்பர் அந்த மின்னஞ்சலை முகவருக்கே திருப்பி அனுப்பினார். மறுவாரம் பாக்கிப் பணம் முழுமையாக வந்து சேர்ந்தது.