தண்ணீர் கேன் நோட்டு கற்றுத் தந்த பாடம்

"சார், எந்தக் கோடிங் படிச்சா வேலை கிடைக்கும்?" பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. இம்முறை விடை சொல்ல, தாம்பரம் பகுதியில் சிறு கடைகளுக்குச் சொந்தமாக மென்பொருள் செய்து தரும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் எந்தக் கணினி மொழியின் பெயரையும் சொல்லவில்லை. ஒரு தண்ணீர் கேன் கடையின் கணக்கு நோட்டைக் காட்டினார்.

சேலையூரில் உள்ள அக்கடைக்கு அவர் முதலில் செய்த செயலியில் வாடிக்கையாளர் பெயர், கேன் எண்ணிக்கை, பணப் பாக்கி ஆகியவை இருந்தன. ஒரே வாரத்தில் கடைக்காரர் மீண்டும் நோட்டை எடுத்துவிட்டார். காரணம், நோட்டின் ஓரத்தில் 'கா' என்றிருந்த கட்டம். அது காலி கேன் கணக்கு. திரும்பி வராத ஒவ்வொரு கேனும் நட்டம். பணத்தைப் போலவே கேனுக்கும் பாக்கி உண்டு என்பதை இவர் கேட்கவில்லை. கடைக்காரருக்கும் அதைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு இரண்டு நாள் விநியோக வண்டியிலேயே உடன் சென்றார். ஒரே குடியிருப்பில் இரண்டு 'லட்சுமி அக்கா' இருந்தார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்தார். நாம் பாடத்தில் நடத்தும் முதன்மைத் திறவுகோல் இதுதான். கோடையில் விலை உயர்ந்தால் பழைய பாக்கியும் உயர்ந்துவிடக் கூடாது. எனவே ஒவ்வொரு பதிவிலும் அன்றைய விலையைச் சேர்த்தார். இப்போதெல்லாம் வேலையைத் தொடங்கும் முன், என்ன செய்து தருவார், எத்தனை நாளில், எவ்வளவு தொகைக்கு என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறார்களாம்.

பொறியியல் கல்லூரிக்குச் செல்ல வசதியில்லாத நம் மாணவர்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. கூடுவாஞ்சேரி அருகே வளாகம் கொண்ட ஜோஹோ நிறுவனம், 2005 முதல் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் மென்பொருள் பயிற்சி அளித்து வருவதையும் வகுப்பில் சொல்லலாம்.

தரவுத்தளப் பாடத்திற்கு முன் ஒரு செயல்பாடு செய்து பாருங்கள். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மாவு மில், இஸ்திரிக் கடை, மளிகைக் கடை என அனுப்புங்கள். அனுமதி பெற்று, அங்கே கணக்கு எழுதும் முறையைப் பார்த்து வரட்டும். பிறகு அட்டவணை வரையட்டும். ஒவ்வொரு குழுவிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "அந்த நோட்டில் 'கா' எங்கே இருந்தது?"