நெடுந்தீவு: முருகைக்கல்லின் ஊர்

குறிகட்டுவானிலிருந்து வரும் படகு மாவிலித்துறையை நெருங்கும்போது முதலில் தெரிவது பனை. கரையேறி நடந்தால் மதில்கள்.

யாழ்ப்பாணத்து வளவுகளுக்குப் பனையோலையும் கிடுகும் வேலி. நெடுந்தீவில் முருகைக்கல்லே வேலி. பவளப் பூச்சிகள் கடலில் கட்டிய சுண்ணக்கூடு காலப்போக்கில் இறுகிக் கல்லாகிறது. அதைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடைவெளிகள் வழியே காற்று புகுந்து போவதால் மதில் சாய்வதில்லை. கிட்ட நின்று பாருங்கள்: ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் நுண்துளைகள் இன்னும் தெரியும். தீவின் மிகப் பெரிய தொல்பொருள் இந்த மதில்கள்தான். தயவுசெய்து ஒரு கல்லையும் எடுக்க வேண்டாம்.

மீகாமன் கோட்டை என்று ஊரார் சொல்லும் ஐரோப்பியர் காலக் கோட்டையின் இடிபாடும் இதே கல்தான். தங்கள் நாட்டு நகரொன்றின் நினைவாக ஒல்லாந்தர் இத்தீவை 'டெல்ஃப்ட்' என்றார்கள். தூதுப் புறாக்கள் வளர்த்த புறாக்கூடும் அவர்கள் காலத்தது எனப்படுகிறது.

தெற்கு வெளிகளில் மேயும் குதிரைகள் ஐரோப்பியர் வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள். பிரித்தானியர் காலத்தில் லெப்டினன்ட் நோலன் இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடு பெரிது.

தீவில் நிற்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்காவுக்குரியது; அராபிய வணிகர் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது. அடிமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழையலாம். உள்ளே பெயர் கீறாதீர்கள்: அந்தப் பட்டைக்கு உயிர் உண்டு.