விமானங்களுக்கும் வரலாறு எழுதுவோர்

பயணிகள் விமானம் ஒவ்வொன்றின் பின்னுடலிலும், வாலுக்கு அருகே சில எழுத்துகள் தீட்டப்பட்டிருக்கும். அது அந்த விமானத்தின் பதிவெண். 'விடி' என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான விமானம். '4ஆர்' என்றால் இலங்கை, '9வி' என்றால் சிங்கப்பூர், 'ஜி' என்றால் பிரிட்டன். பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும் ஏர்பஸ் ஏ320 விமானங்களில் எது எது என்று பிரித்துச் சொல்வது இந்தப் பதிவெண்தான். அதைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய விமானத்தைப் படமெடுத்துச் சேர்த்து வைப்பதை உலகெங்கும் பலர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். 'பிளேன் ஸ்பாட்டிங்' என்று அதற்குப் பெயர்.

இந்தப் பழக்கம் பரவியதில் போருக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில், வானில் வருவது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று உருவத்தையும் ஒலியையும் வைத்தே அடையாளம் காணப் பொதுமக்களில் பலர் பயிற்சி பெற்றார்கள். அதற்கென்றே 1941இல் 'தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்' என்ற இதழ் தொடங்கியது. போர் முடிந்தும் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் போகவில்லை. 1948இல் 'ஏர்-பிரிட்டன்' என்ற ஆர்வலர் சங்கம் உருவாகி, விமானங்களின் வரலாற்றைத் தனித்தனியே தொகுத்து நூலாக்கத் தொடங்கியது.

எங்கே நின்று பார்ப்பது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. விமானங்கள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஓடுபாதையின் எண் அது நோக்கும் திசையைக் காட்டும். திசைகாட்டிப் பாகையைப் பத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. மேல்காற்று வீசினால் விமானங்கள் கடற்பக்கமிருந்து வந்து 25இல் இறங்கும். கொண்டல் வீசினால் எதிர்ப்பக்கமிருந்து வந்து 07இல் இறங்கும். இதை அறியாதவர் விமானம் வராத பக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்தப் பொழுதுபோக்கால் பேர்பெற்ற இடங்களும் உண்டு. கரீபியக் கடலில் சின்ட் மார்ட்டின் தீவின் மாஹோ கடற்கரையில், குளித்துக்கொண்டிருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே விமானங்கள் கடந்து இறங்குகின்றன. அங்கே எஞ்சின் காற்று வீசியடித்து 2017இல் ஒரு பெண் உயிரிழந்தார். ஹாங்காங்கின் பழைய கை டாக் நிலையத்தில், விமானங்கள் கவுலூன் குடியிருப்புகளுக்கு மேலே தாழப் பறந்து, கடைசி நேரத்தில் வலப்புறம் திரும்பித் தரைதொட்டன. அந்தக் காட்சி 1998 ஜூலையில் நிலையம் மூடப்பட்டதோடு முடிந்தது. இன்று அது படங்களில் மட்டுமே இருக்கிறது.

படமெடுப்பதில் பொறுமையோடு சில நுட்பங்களும் வேண்டும். ஜெட் விமானத்தைத் தெளிவாகப் பிடிக்க, ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரமாக வைப்பது வழக்கம். ஏடிஆர் 72 போன்ற புரொப்பல்லர் விமானத்துக்கு இது பொருந்தாது. அந்த வேகத்தில் புரொப்பல்லர் உறைந்து நின்று, எஞ்சின் ஓடாத விமானம் போலத் தோன்றும். ஆகவே 125இல் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். அப்போது கை அசையாமல், விமானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கப் பழக வேண்டும். அடுத்த எதிரி கானல். சூடேறிய ஓடுபாதையிலிருந்து எழும் காற்று, எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் படத்தை நெளியச் செய்துவிடும். காலையும் மாலையும் உகந்தவை என்பதற்கு இளவெயிலின் அழகு மட்டும் காரணமில்லை.

முன்பு பைனாகுலரும் கால அட்டவணையும் கைத்துணையாக இருந்தன. இன்று பெரும்பாலான விமானங்கள் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாமே ஒலிபரப்புகின்றன. 'ஏடிஎஸ்-பி' என்ற இந்த முறையால், வரப்போகும் விமானத்தின் பதிவெண்ணைக் கைப்பேசியிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடலாம்.

தாம் பயணம் செய்த விமானங்களையும் ஆர்வலர்கள் குறிப்பேட்டில் ஏற்றுகிறார்கள்: தேதி, வழித்தடம், விமான வகை, பதிவெண், இருக்கை எண். விமானம் கைமாறினால் வண்ணம் மாறும், பெரும்பாலும் பதிவெண்ணும் மாறும். தொழிற்சாலை இட்ட வரிசை எண் மட்டும் மாறாது. அதைப் பின்தொடர்ந்தால், பல ஆண்டுக்கு முன் ஏறிய விமானம் இப்போது வேறொரு நாட்டில் சரக்கு சுமப்பதையோ, பாலைவனத்தில் பிரிக்கப்பட்டதையோ அறியலாம்.

சட்டச் சிக்கலும் உண்டு. கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 2001 நவம்பரில், விமான ஆர்வலர்களான 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரரும் உளவாளிகள் என்ற ஐயத்தில் கைதானார்கள். தண்டனையும் கிடைத்தது, மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் விடுபட்டார்கள். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆவது விதி, அனுமதியின்றி விமான நிலையத்தில் படமெடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பறக்கும் விமானத்துக்குள் பயணிகள் படமெடுக்கலாம் என்று 2020இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தெளிவுபடுத்தியது. ஆனால் புனே போன்ற, விமானப்படையோடு பகிரும் நிலையங்களில் தடை உண்டு.

இந்தக் குறிப்புகளுக்குப் பொழுதுபோக்கைத் தாண்டிய பயனும் இருக்கிறது. அமெரிக்காவின் சிஐஏ, கைதிகளை ரகசியமாக நாடுவிட்டு நாடு கடத்தப் பயன்படுத்திய விமானங்களை 2000களில் பத்திரிகையாளர்கள் துப்புத் துலக்கியபோது, ஐரோப்பிய நிலையங்களில் ஆர்வலர்கள் எடுத்து வைத்திருந்த படங்களும் பதிவெண் குறிப்புகளும் சான்றாக உதவின. எடுத்தவர்களுக்கோ அன்று அது வந்துபோன இன்னொரு விமானம், அவ்வளவுதான்.