தடுப்பூசி போட்டும் கோமாரி வருவது ஏன்?

‘தவறாம ஊசி போடுறோம். அப்படியும் மாட்டுக்குக் கோமாரி வந்துடுச்சே!’ மாடு வளர்ப்பவர்கள் பலரிடமும் இருக்கும் ஆதங்கம் இது. வாயிலும் குளம்பிலும் புண் வந்து ஒரு கறவை மாடு படுத்தால், வீட்டு வருமானமும் சேர்ந்து படுத்துவிடும். ‘ஊசியே வீண்’ என்று சிலர் அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டி வருவதில்லை. ஆனால், மருந்து நல்லதாக இருந்தும், அது மாட்டை வந்து சேரும் வழியில் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

வெயிலும் ஆகாது, உறைநிலையும் ஆகாது

கோமாரி தடுப்பூசி, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸிலிருந்து தயாராகிறது. தயாரிப்புக்கூடம் தொடங்கி மாட்டின் உடலில் ஏறும்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே அது இருக்க வேண்டும். வெப்பம் பட்டால் வீரியம் குறையும் என்பது பலருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃப்ரீசரில் உறைந்த புட்டியை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. முகாமுக்கு எடுத்துச் செல்லும்போது, அப்போதுதான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியோடு புட்டி ஒட்டியிருந்தாலும் இதே ஆபத்து உண்டு. வீரியம் போன மருந்தைக் கண்ணால் பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. அதனால், மருந்து ஐஸ் பெட்டியிலிருந்து வருகிறதா, காலாவதி தேதி என்ன என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆடுகளுக்கான ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசியும், கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் வேறு ரகம். இவை உலர்த்திய, உயிருள்ள வைரஸ் கொண்டவை. கரைசலில் கலந்த பிறகு ஐஸ் மீது வைத்து, 2 மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ‘மிச்சத்தை நாளைக்குப் போடலாம்’ என்று வைத்தால், போடுவது வெறும் தண்ணீர்தான். கடையில் வாங்கிய கோழி மருந்தை வண்டிப் பையில் வெயிலில் கொண்டுவருவதும் அப்படித்தான்.

காது வில்லை எதற்கு?

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரி தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மாட்டின் காதில் மாட்டும் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணில்தான் ஊசி போட்ட விவரம் கணினியில் பதிவாகிறது. வில்லை விழுந்துவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். வீட்டிலும் ஒரு நோட்டில் வில்லை எண், தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண் ஆகியவற்றைக் குறித்து வைப்பது நல்லது. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால், எந்தத் தொகுதி மருந்து என்று தேட இந்தக் குறிப்பு உதவும்.

தவணையும் தெரிந்துவிடும். கன்றுக்கு 4 மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. பல கன்றுகளுக்கு விட்டுப்போவது அந்த ஊக்க ஊசிதான்.

ஊசி போட்ட பிறகு...

ஊசி போட்ட இடத்தில் லேசான வீக்கம், இலேசான காய்ச்சல், ஓரிரு நாள் பால் குறைவது ஆகியவை சகஜம், தானாகச் சரியாகிவிடும். முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஒவ்வாமை. முதல் அரை மணி நேரம் மாட்டைக் கண்காணித்து, அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நிறைமாதச் சினை மாட்டையும், காய்ச்சலில் இருக்கும் மாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு முழுதாக வர 2 முதல் 3 வாரம் ஆகும். அதற்குள் சந்தை மாட்டைக் கொட்டகையில் சேர்த்தால், நல்ல மருந்தும் கைகொடுக்காது. ஊரில் பாதி மாடுகளுக்கு மட்டும் ஊசி போட்டாலும் நோய் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போகும்போது, கையோடு அந்த நோட்டையும் எடுத்துப் போவது நல்லது.