டிஜிட்டல் கிரிக்கெட் கார்டு: வாங்கியது என்ன, கையில் இருப்பது என்ன?

பொங்கல் லீவுக்கு மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்துக்குப் போயிருந்தேன். சித்தி மகன் மொபைலோடு வந்து உட்கார்ந்தான். "அண்ணே, இந்தக் கார்டு எல்லாம் என்னுதா, இல்லையா? சொல்லு" என்றான். 2022-ல் காலேஜ் விடுமுறையில் உப்பளத்தில் வேலை பார்த்துச் சேர்த்த 4,000 ரூபாய்க்கு ஐந்து டிஜிட்டல் கிரிக்கெட் கார்டுகள் வாங்கியிருக்கிறான். இப்போது அந்த ஆப் திறக்கிறது, கார்டுகள் தெரிகின்றன. ஆனால் 'விற்க' என்ற பட்டனைக் காணவில்லை.

எங்கள் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு டவுசர் பாக்கெட்டில் வைத்திருப்போம். ரேங்க், உயரம், எடை, மார்பளவு என்று நம்பரைச் சொல்லி ஆடி, தோற்றவன் கார்டைக் கொடுத்துவிட வேண்டும். யார் கையில் இருக்கிறதோ அவனுடையது. ஒரே எதிரி உப்புக்காற்றுதான். மழைக்காலம் முடிவதற்குள் அட்டை நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டிஜிட்டல் கார்டு நமுக்காது. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் தம்பியின் கேள்விக்கு நாமே பதில் கண்டுபிடிக்கலாம்.

என்.எஃப்.டி. என்றால் என்ன?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும் பெரிய பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக்செயின் அதுபோல ஒரு பதிவேடு. வித்தியாசம் என்னவென்றால், அதன் நகல் உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். ஒருவர் மட்டும் ரகசியமாக அழித்து எழுத முடியாது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இந்தப் பதிவேட்டில் 'இத்தனாம் நம்பர் டோக்கன், இந்த முகவரிக்காரருக்குச் சொந்தம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் என்.எஃப்.டி.

கோலியோ பும்ராவோ இருக்கும் அந்த அழகான படம் பெரும்பாலும் பதிவேட்டுக்குள் இருக்காது. படம் ஒரு பெரிய பைல். பிளாக்செயினில் அதை வைக்க அதிகச் செலவாகும். ஆகவே 'படம் இந்த இடத்தில் இருக்கிறது' என்ற முகவரி மட்டும் எழுதப்படும். அந்த இடம் ஒரு கம்பெனியின் சர்வராக இருந்தால், கம்பெனி மூடப்பட்டதும் படமும் போய்விடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய கிரிப்டோ நிறுவனம் திவாலானபோது, அதன் தளத்தில் உருவான பல என்.எஃப்.டி.க்களின் படங்கள் தெரியாமல் போயின. டோக்கன் பத்திரமாக இருந்தது, காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கார்டின் விவரப் பக்கத்தில் கான்ட்ராக்ட் முகவரி (0, எக்ஸ் என்று தொடங்கும் நீளமான எண்), டோக்கன் நம்பர் இரண்டும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். கார்டு பாலிகான் பிளாக்செயினில் இருந்தால் பாலிகான்ஸ்கேன் என்ற வெப்சைட்டைத் திறந்து, தேடும் பெட்டியில் கான்ட்ராக்ட் முகவரியை ஒட்டுங்கள். வரும் பக்கத்தில் 'கான்ட்ராக்ட்' என்ற டேபை கிளிக் செய்து, 'ரீட் கான்ட்ராக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே வரும் பட்டியலில் நமக்கு வேண்டியவை இரண்டு: 'ஓனர் ஆஃப்', 'டோக்கன் யு.ஆர்.ஐ.'. ஒவ்வொன்றிலும் டோக்கன் நம்பரைக் கொடுத்து 'க்வெரி' பட்டனை அழுத்துங்கள். படிப்பதற்குக் கட்டணம் கிடையாது, எந்த பாஸ்வேர்டும் தேவையில்லை. எங்காவது 12 வார்த்தை ரகசியச் சொற்றொடரைக் கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

தம்பியின் கார்டுக்கு 'ஓனர் ஆஃப்' கொடுத்ததும் ஒரு முகவரி வந்தது. அதைக் கிளிக் செய்தால் அந்த ஒரே முகவரியின் பெயரில் ஆயிரக்கணக்கான கார்டுகள்! அதாவது பதிவேட்டின்படி சொந்தக்காரர் இவன் இல்லை, கம்பெனியின் பொதுப் பெட்டகம். 'இதில் ஐந்து அவனுடையது' என்பது கம்பெனியின் சொந்தக் கணக்கில் மட்டும் இருக்கிறது. புதியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பல தளங்கள் இப்படித்தான் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. வசதிதான், ஆனால் பிளாக்செயினின் பலனே அதில் போய்விடுகிறது.

'டோக்கன் யு.ஆர்.ஐ.' கொடுத்த லிங்க் கம்பெனி சர்வரைக் காட்டியது. லிங்க் 'ஐ.பி.எஃப்.எஸ்.' என்று தொடங்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதி. அப்போதும் யாராவது ஒருவர் அந்த பைலைத் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால்தான் படம் கிடைக்கும்.

அரிது என்பது யார் முடிவு?

அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி 1952-ல் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த வரிசையில் விற்காமல் தங்கிய கார்டுகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். குப்பையென்று கொட்டியது போக மிஞ்சியதற்குத்தான் இந்த விலை. டிஜிட்டல் கார்டில் '500-ல் 47-வது' என்ற எண்ணிக்கை ஒரு புரோகிராமர் அமைத்த செட்டிங். அந்த 500 மாறாமல் இருக்கலாம். அதே வீரருக்கு அடுத்த மாதம் வேறு நிறத்தில், வேறு பெயரில் இன்னொரு 500 வெளியிடுவதை எது தடுக்கிறது? நானும் புரோகிராமர்தான், அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

படத்தின் உரிமையாவது உறுதியா என்றால், அதிலும் ஒரு முக்கிய வழக்கு இருக்கிறது. ரேரியோ என்ற தளம் வீரர்களிடம் உரிமம் வாங்கிக் கார்டு விற்றது. எம்.பி.எல். குழுமத்தின் ஸ்ட்ரைக்கர் என்ற தளம் வீரர்களின் பெயர், வரைபடம், ஆட்டப் புள்ளிவிவரங்களை வைத்துத் தானும் கார்டு வெளியிட்டது. ரேரியோவும் முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் போன்ற வீரர்களும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டார்கள். 2023 ஏப்ரல் 26-ல் நீதிபதி அமித் பன்சல் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். பெயரும் புள்ளிவிவரமும் ஏற்கனவே பொதுவெளியில் இருப்பவை, என்.எஃப்.டி. தொழில்நுட்பத்துக்கு ஒருவர் மட்டும் உரிமை கோர முடியாது என்பது அவர் பார்வை. கார்டு வாங்குபவருக்கு இதன் அர்த்தம்: 'அதிகாரப்பூர்வ உரிமம் பெற்றது' என்ற முத்திரைக்காக நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருந்தாலும், அதே வீரருக்கு இன்னொரு தளமும் கார்டு வெளியிடலாம்.

வரி விஷயம் சுருக்கமாக. 2022 ஏப்ரல் 1 முதல் என்.எஃப்.டி. உள்ளிட்ட மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி. 1,000 ரூபாய்க்கு வாங்கி 1,500-க்கு விற்றால், 500 ரூபாய் லாபத்துக்கு 150 ரூபாய் வரி, அதன்மேல் செஸ். இன்னொரு கார்டில் 500 ரூபாய் நஷ்டம் என்றாலும் கழித்துக்கொள்ள முடியாது.

பல கார்டுகளுக்கு மதிப்பே பணம் கட்டி ஆடும் ஃபேன்டசி போட்டிகளில் பயன்படும் என்பதால் வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியதும் டிரீம்11, எம்.பி.எல். போன்றவை பணப் போட்டிகளை நிறுத்தின. ஆட இடமில்லாத ட்ரம்ப் கார்டை யார் வாங்குவார்கள்?

தம்பியின் ஆப்பில் மெனுவுக்குள் மெனுவாகப் போனால் 'வித்ட்ரா' என்று ஒரு வசதி கிடைத்தது. கார்டை நம் சொந்த வாலட்டுக்கு மாற்றித் தருவது அது. உங்கள் ஆப்பிலும் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள், சர்வர் இயங்கும்வரைதான் அது வேலை செய்யும். கூடவே டோக்கன் யு.ஆர்.ஐ. காட்டும் பைலையும் படத்தையும் டவுண்லோட் செய்து, வாங்கிய ரசீது மெயிலோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று டெலிகிராமில் வருபவர்களுக்குப் பதிலே போடாதீர்கள். தம்பிக்கு ஏற்கனவே அப்படி இரண்டு மெசேஜ் வந்திருந்தது.

அவனுக்குப் புதிய வாலட் ஒன்று உருவாக்கி, 12 வார்த்தைகளை நோட்டில் பேனாவால் எழுத வைத்து, ஐந்து கார்டுகளுக்கும் விண்ணப்பித்தோம். ஒன்பது நாளில் மூன்று வந்து சேர்ந்தன. 'ஓனர் ஆஃப்' கொடுத்தால் இப்போது அவன் முகவரி வருகிறது. மற்ற இரண்டும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகின்றன. நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்கு மேலே வைத்திருக்கிறான்.